இடாப்பும் ஜாம் போத்தலும்: போருக்குள் நடந்த மிஷன் பள்ளிகள்

கோலார் தங்கவயலின் நந்திதுர்க்கில் சுரங்கம் ஓடிய காலத்தில் வளர்ந்தவர்களுக்குக் காலடியில் தரை அதிர்வது புதிதல்ல. ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வகுப்பறைப் பெஞ்சும் ஆடும். ‘ஏர்பிளாஸ்ட்’ என்பார்கள் பெரியவர்கள். அதிர்வு அடங்கியதும் பாடம் தொடரும். அப்பா எந்த ஷிப்டில் இறங்கியிருக்கிறார் என்ற கவலை மட்டும் பிள்ளைகளின் முகத்தில் நிற்கும். பயத்தோடு படிப்பது என்னவென்று கோலார் தங்கவயலுக்குக் கொஞ்சம் தெரியும். இலங்கையின் யாழ்ப்பாணத்தில், போர்க்காலத்தில், அந்த அதிர்வு வானத்திலிருந்து வந்தது, வருஷக்கணக்கில் வந்தது. அங்கே திருச்சபைப் பள்ளிகளை எப்படி நடத்தினார்கள்?

இதைக் கேட்க நமக்கு இன்னொரு உரிமையும் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தபோது யாழ்ப்பாணமும் அதில் சேர்ந்தது. டயோசிஸை அங்கே ‘ஆதீனம்’ என்கிறார்கள். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும், 1824இல் அமெரிக்க மிஷனரிகள் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரியும் அந்த ஆதீனத்தின் பள்ளிகள். நம்மூர் சி.எஸ்.ஐ. கோயிலுக்கு அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1823இல் தொடங்கிய பரியோவான் கல்லூரி ஆங்கிலிக்கன் சபையுடையது. 1850இல் தொடங்கிய புனித பத்திரிசியார் கல்லூரி கத்தோலிக்கருடையது. கல்லூரி என்று பெயரே தவிர, எல்லாம் பள்ளிக்கூடங்கள்தாம்.

1960, 61ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு உதவி பெறும் பள்ளிகளைத் தன்வசம் எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. பெரும்பாலானவை போயின. மேலே சொன்ன பள்ளிகள் திருச்சபையோடேயே நின்றன. ஆனால் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது, அரசுப் பணமும் கிடையாது என்ற நிலை. பழைய மாணவர்களின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருஷங்களைத் தாண்டினார்கள். ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது பிற்பாடுதான். அதாவது, ஏறக்குறைய நம் பக்கத்து எய்டெட் பள்ளிதான்: சம்பளம் அரசுடையது, நிர்வாகம் சபையுடையது.

சமாதான காலத்தில் இது வெறும் கணக்கு வழக்கு. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் வந்ததும் இதுவே பெரிய சிக்கலாயிற்று. 1990லிருந்து 1995 கடைசிவரை யாழ்ப்பாணம் விடுதலைப் புலிகளின் கையில் இருந்தது. ஆனாலும் ஆசிரியர் சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது. ஓ.எல்., ஏ.எல். பொதுத்தேர்வு வினாத்தாளும் கொழும்புப் பரீட்சைத் திணைக்களத்துடையது. விடைத்தாள் போர்முனையைத் தாண்டிப் போனால்தான் பிள்ளைக்கு மதிப்பெண். பரீட்சைக்கும் சம்பளத்துக்கும் ஓர் அதிகாரம், தெருவுக்கு இன்னொரு அதிகாரம், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் திருச்சபை. இந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து தினமும் இரண்டு பக்கமும் பேசவேண்டிய ஆள் அதிபர், அதாவது நம்மூர் எச்.எம். திருச்சபைப் பெயர் அவருக்குக் கொடுத்தது இந்த நடு இடத்தைத்தான். அது பாதுகாப்பான இடமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1990 நடுவில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பேட்டரி, சோப்பு எல்லாம் தடைப் பட்டியலுக்குள் போயின. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், உள்ளேயே ஒரு சிறு திரி. போத்தலே சிமினி. மண்ணெண்ணெய் பொன்விலை விற்றதால், எரியும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். வீடுகளில் போலவே பள்ளி வளாகத்திலும் பதுங்குகுழி வெட்டினார்கள். பொம்மர் (குண்டுவீச்சு விமானம்) சத்தம் கேட்டால் வகுப்பு அதற்குள் இறங்கும், போனபின் ஏறி வரும்.

1995 அக்டோபர் 30 அன்று நிலைமை முற்றிலும் மாறியது. இலங்கை ராணுவம் நெருங்க, குடாநாட்டின் வலிகாமம் பகுதியிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் மழையில், நாவற்குழிப் பாலம் வழியாகத் தென்மராட்சிப் பகுதிக்கு நடந்தார்கள். பள்ளிகளும் அவர்களோடு போயின. கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆசிரியர்களும் பிள்ளைகளும் மறுபடி ஓரிடத்தில் கூடினால், வரவு இடாப்பில், அதாவது வருகைப் பதிவேட்டில், பெயர்கள் இருந்தால், அதுதான் பள்ளி. உள்ளூர்ப் பள்ளி காலையில் நடக்கும், அதே பெஞ்சில் இடம்பெயர்ந்த பள்ளி மாலையில் நடக்கும். அடுத்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் திரும்பி வந்தபோது அதே பள்ளிகள் ராணுவத்தின் ஆட்சிக்குள் இருந்தன. அதிபர் இப்போது பேசவேண்டிய ஆட்கள் மட்டும் மாறியிருந்தார்கள்.

சிலுவை நின்ற கூரை காப்பாற்றியதா? 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் அகதிகள் தங்கியிருந்தபோது விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நடுவில் நின்றவர்களும் தப்பவில்லை. பரியோவான் கல்லூரி அதிபர் சி. இ. ஆனந்தராஜன் 1985 ஜூன் 26 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். படையினரோடு மாணவர்கள் நட்பாகக் கிரிக்கெட் ஆட அவர் ஏற்பாடு செய்ததே காரணம் என்றும், கொன்றவர்கள் புலிகள் என்றும் மனித உரிமை அறிக்கைகள் சொல்கின்றன. ஒரு பள்ளித் தலைவர் செய்யக்கூடிய மிகச் சாதாரணமான காரியம் அது. அதற்கு உயிரைக் கேட்டதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கிழக்கில், மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்த அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். அவர் வீடு வந்து சேரவே இல்லை.

பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பாதர் பிரான்சிஸ் ஜோசப் போரின் கடைசிக் கட்டத்தில் வன்னிப் பகுதி மக்களோடேயே இருந்தார். 2009 மே 18 அன்று முல்லைத்தீவு வட்டுவாகலில் ராணுவத்திடம் சரணடையப் போனவர்களோடு அவரும் நின்றார். அங்கே அவர் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுத் தாளில் பட்டியல் எழுதினார் என்று கண்டவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் இடாப்பு பார்த்த கை அது. பிறகு அவர்களை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பாதரும் அந்த பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அன்று அங்கே கணவனையும் பிள்ளைகளையும் ராணுவத்திடம் ஒப்படைத்த பெண்கள், அந்தப் பெயர்களைச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.