மொழிக்கு மொழி ஒரு முறை

சிற்றாற்றங்கரையில் அமைந்த ஊர் வீரகேரளம்புதூர். அவ்வூரில் பள்ளி விட்டு வீடு திரும்பும் சிறுவன் ஒருவன் தன் தாயிடம், "எனக்குப் பசிக்கிறது" என்கிறான். இவ்வாக்கியத்தில் 'நான்' என்னும் சொல் இல்லை; பசி அவனுக்கு வந்து சேர்வதாகத் தமிழ் கூறுகிறது. ஆங்கிலமோ, 'நான் பசியுடையவனாக இருக்கிறேன்' என்னும் பொருள்படக் கூறும். பிரெஞ்சு மொழி, 'நான் பசியைக் கொண்டிருக்கிறேன்' என்னும் பொருள்படக் கூறும். பசி ஒன்றே, அதனைச் சொல்லும் முறை மூன்று.

வயதைக் கூறுவதும் இத்தகையதே. 'எனக்கு வயது பன்னிரண்டு' என்பது தமிழ். ஆங்கிலேயர் தாமே பன்னிரண்டாக 'இருப்பதாக'க் கூறுவர். பிரெஞ்சுக்காரர் பன்னிரண்டு ஆண்டுகளைக் 'கொண்டிருப்பதாக'க் கூறுவர்.

புதுச்சேரி நெடுங்காலம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அதன் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. ஆயினும், பிரெஞ்சு மொழி அங்கு இன்றும் கற்பிக்கப்படுகிறது. அங்கு ஆங்கிலம் அறிந்த மாணவர் பிரெஞ்சு கற்கத் தொடங்குங்கால், பழகிய சொற்கள் பலவற்றைக் காண்பர். 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன் பயனாகப் பல்லாயிரம் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்திற் புகுந்தன. மேசையைக் குறிக்கும் 'டேபிள்' என்னும் சொல்லை இருமொழியாரும் ஒரே வகையாய் எழுதுவர். ஒலிப்பு மட்டுமே வேறு.

சொல் ஒத்திருப்பதனால் அமைப்பும் ஒத்திருக்கும் என்று எண்ணுதல் தவறு. ஆங்கிலத்தில் மேசைக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. பிரெஞ்சு மொழியிலோ எல்லாப் பெயர்களும் அவ்விரண்டனுள் ஒன்றில் அடங்கும். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், சூரியன் ஆண்பால், நிலா பெண்பால். தமிழில் பொருளை நோக்கியே பால் அமைகிறது. பிரெஞ்சில் அவ்வாறு கொள்ள இயலாது. ஆதலின், ஒவ்வொரு பெயரையும் அதன் பாலோடு சேர்த்தே கற்றல் வேண்டும்.

சொற்கள் நிற்கும் இடமும் மாறும். 'சிவப்புப் புத்தகம்' என்பதில் தமிழும் ஆங்கிலமும் நிறத்தை முன்னே வைக்கும். பிரெஞ்சு பின்னே வைக்கும். 'இராமன் மரத்தைக் காண்கிறான்' என்பதில் தமிழ் வினையை இறுதியில் நிறுத்தும். மற்ற இரண்டும் வினையை நடுவில் நிறுத்தி, மரத்தை அதன்பின் கூறும். ஆனால், 'நான் அவனைக் காண்கிறேன்' என்னுமிடத்தில் ஒரு வியப்பு உண்டு. இங்குப் பிரெஞ்சு ஆங்கிலத்தை விட்டு விலகி, தமிழைப் போலவே 'நான்', 'அவனை', 'காண்கிறேன்' என்று சொற்களை அடுக்குகிறது.

மரியாதை கூறுவதிலும் இவ்வொற்றுமை உண்டு. ஆங்கிலத்தில் தோழனுக்கும் ஆசிரியருக்கும் முன்னிலைச் சொல் ஒன்றே. பிரெஞ்சுக்காரரோ நெருங்கியவரை 'நீ' என்றும், பெரியோரையும் புதியவரையும் 'நீங்கள்' என்றும் அழைப்பர். தமிழ்ச் சிறுவனுக்கு இது புதிதன்று.

இவ்வாறு மொழிகளை ஒப்பிட்டு நோக்கிய அறிஞருள் ஒருவர் நெல்லைச் சீமையில் வாழ்ந்தவர். அயர்லாந்தில் பிறந்து, இடையன்குடியில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த கால்டுவெல் என்பவரே அவர். அவர் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை விளக்கியது.

புதிய மொழியைக் கற்பவர் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தால் பிழை நேரும். அம்மொழி ஒன்றை எவ்வாறு கூறுகிறது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். அவ்வாறு உணர்பவர், தம் தாய்மொழி ஒன்றை ஏன் அவ்வாறு கூறுகிறது என்பதையும் எண்ணத் தொடங்குவர். 'எனக்குப் பசிக்கிறது' என்று நாள்தோறும் கூறும் சிறுவன், அதில் 'நான்' இல்லை என்பதை அன்றுதான் காண்பான்.