சும்மா கிடைத்த கேஸ் கிரில்... சுத்தம் செய்தால் மட்டும் போதுமா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு ஏறியதும், சாயங்காலக் குளிருக்குச் சூடாக ஏதாவது சாப்பிடத் தோன்றும். அந்த ஆசைக்காகவே இப்போது பல ஹோம்ஸ்டேக்களில் 'பார்பிக்யூ வசதி உண்டு' என்று விளம்பரம் செய்கிறார்கள். ஏரியிலிருந்து சுமார் 3 கி.மீ. தள்ளியிருக்கும் கிளியூர் அருவிப் பக்கம் போனால், காபித் தோட்டங்களுக்கு நடுவே தங்குமிடங்களும் வார இறுதி வீடுகளும் உண்டு. இப்படியான வீடுகள் கைமாறும்போது, "இதையெல்லாம் கீழே இறக்கிக் கொண்டுபோக முடியாது, வேணும்னா எடுத்துக்கோங்க" என்று சில பொருள்கள் சும்மாவே கிடைக்கும். கேஸ் கிரில் அவற்றில் ஒன்று. மூடியில் துரு, தட்டில் பழைய எண்ணெய், உள்ளே சிலந்தி வலை!

இலவச அடுப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க அரசு, ஏழைக் குடும்பங்களுக்கு கேஸ் இணைப்போடு அடுப்பையும் இலவசமாகக் கொடுத்தது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1-ம் தேதி தொடங்கியது. 2021-ல் வந்த அதன் இரண்டாம் கட்டத்தில் முதல் சிலிண்டரோடு அடுப்பும் இலவசம். ஆனால், அந்த அடுப்புகளெல்லாம் ஏஜென்சி மூலமாக, புது ட்யூப், புது ரெகுலேட்டரோடு வீட்டுக்கு வந்தவை. மழையிலும் பனியிலும் வருடக்கணக்கில் நின்ற கிரில் அப்படியல்ல.

அதனால் ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு படும் இரும்பைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கேஸ் ஓடும் பாதையில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது.

வாங்கும் முன் 3 கேள்விகள்

முதலாவது, இது எந்த கேஸுக்கான கிரில்? வெளிநாட்டிலிருந்து வந்த சில கிரில்கள், குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயுவுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் ஜெட், அதாவது கேஸ் பீறிட்டு வரும் சின்னப் பித்தளைத் துண்டின் துளை, பெரிதாக இருக்கும். அதில் நம் சிலிண்டர் கேஸை விட்டால் சுடர் கட்டுக்கு அடங்காமல் எழும். கிரில்லின் பின்புறமோ உட்புறமோ ஒட்டியிருக்கும் தகட்டில் 'எல்.பி.ஜி' அல்லது 'புரொப்பேன்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

இரண்டாவது, அடிப்பெட்டியில் ஓட்டை இருக்கிறதா? ஒரு ஸ்குரூ டிரைவரால் துருப்பிடித்த இடங்களைக் குத்திப் பாருங்கள். தூள் மட்டும் உதிர்ந்தால் அது மேல் துரு. ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினால், அந்த கிரில்லுக்குப் பழைய இரும்புக் கடைதான் சரியான இடம்.

மூன்றாவது, கால்களும் சக்கரங்களும் ஆடாமல் நிற்கின்றனவா? எரியும் அடுப்பு சாய்வதைவிட ஆபத்து வேறில்லை. மேடும் பள்ளமுமான மலை வீட்டு முற்றத்தில் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும்.

தோசைக்கல் வைத்தியம்

வார்ப்பிரும்புக் கம்பித்தட்டில் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தோசைக்கல்லைப் பழக்கும் அதே முறைதான். உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவிச் சூடாக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் கறுப்பு மினுமினுப்பு திரும்பிவிடும்.

மேல்பூச்சு செதில் செதிலாக உரியும் தட்டு என்றால், மாற்றிவிடுங்கள். வெல்டிங் பட்டறையில் எவர்சில்வர் கம்பியில் செய்து வாங்கலாம். ஜி.ஐ. கம்பி மட்டும் வேண்டாம். அதன் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு அதிகச் சூட்டில் நச்சுப் புகையாக மாறும்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால், கடைசியில் ஈரத் துணியால் துடைத்தே ஆக வேண்டும். பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த கம்பி இழை உணவோடு வயிற்றுக்குள் போய், சிலர் மருத்துவமனை வரை சென்றதை 2012-ல் அமெரிக்காவின் சி.டி.சி அமைப்பு பதிவு செய்திருக்கிறது.

எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீரில் கரைத்த சலவை சோடா நன்றாக வேலை செய்யும். ஆனால், அலுமினியப் பாகங்களை சோடா அரித்துவிடும். அவற்றுக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போதும். எண்ணெய் வடியும் தட்டை அலட்சியமாக விடாதீர்கள். கிரில் திடீரெனத் தீப்பற்றுவதற்கு, அங்கே தேங்கிய பழைய கொழுப்பு ஒரு முக்கியக் காரணம். சூடு தாங்கும் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் வெளிப்புறம் மட்டும். உணவு இருக்கும் உட்புறத்தில் அடிக்கக் கூடாது.

குளவி கட்டிய கூடு

பர்னரைக் கழற்றி, அதன் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சும்மா கிடந்த குழாயில் குளவி மண் கூடு கட்டியிருக்கலாம், சிலந்தி வலை பின்னியிருக்கலாம். வழி அடைபட்டால் கேஸ் முன்னால் போக முடியாமல் பின்பக்கம் கசியும். அப்போது நெருப்பு பர்னரில் அல்ல, நம் கை இருக்கும் திருகுக்குப் பக்கத்தில் பற்றும். பாட்டில் கழுவும் நீள பிரஷ்ஷால் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். பக்கத்துப் பக்கத்துத் துளைகள் அரித்து ஒன்றாகிவிட்டால் பர்னரையே மாற்ற வேண்டும். ஜெட்டில் ஊசியை விட்டுக் குடைந்து துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

செலவு செய்ய வேண்டிய இடம்

பழைய ரப்பர் ட்யூப் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். வெயிலில் வெடித்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். ஐ.எஸ்.ஐ முத்திரை பதித்த, உள்ளே கம்பி வலை கொண்ட 'சுரக்‌ஷா' ட்யூப்பை கேஸ் ஏஜென்சியிலேயே வாங்கலாம். அதையும் 5 வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வெளிநாட்டு கிரில்லோடு வரும் ரெகுலேட்டர் நம் சிலிண்டருக்குப் பொருந்தாது. அதற்காக அடாப்டர் தேடி அலைய வேண்டாம். ஏஜென்சி கொடுத்த ரெகுலேட்டர்தான் பாதுகாப்பு. இணைப்பு வேலையை, வால்வு திருகுகளைச் சரிபார்ப்பதோடு சேர்த்து, கேஸ் அடுப்பு மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு இன்னொரு விஷயம். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை, காசு வாங்கிச் சமைத்துக் கொடுக்கும் இடத்தில் பயன்படுத்தக் கூடாது. அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

சோப்பு நுரைப் பரீட்சை

எல்லாம் பூட்டியதும் உடனே பற்றவைக்காதீர்கள். கிரில்லின் திருகுகளை மூடி வைத்து, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி எழுந்தால் அங்கே கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் 'பரிசோதனை' வேண்டவே வேண்டாம். எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தில் போய்த் தங்கும். கசிவு என்று சந்தேகம் வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, 24 மணி நேரமும் இயங்கும் 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும். முதல் நாள் உணவு எதுவும் வைக்காமல் 20 நிமிடம் எரியவிட்டால், மிச்சமிருக்கும் பிசுக்கும் சோப்பு வாடையும் போய்விடும்.

மலைக்கு ஏற்ற சுடர்

ஏற்காடு சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தைவிட இங்கே காற்று ஏறக்குறைய 15 சதவிகிதம் மெலிந்தது. தண்ணீர்கூட 95 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். சமவெளியில் நீலமாக எரிந்த பர்னர் இங்கே மஞ்சளாக எரிந்தால், காற்று போதவில்லை என்று அர்த்தம். பர்னர் குழாயின் வாயில் இருக்கும் சின்னக் காற்றுத் தகட்டை, அடுப்பை அணைத்து ஆறிய பிறகு, கொஞ்சம் திறந்துவிட்டால் நீலம் திரும்பும். அப்படியும் மஞ்சள் போகாவிட்டால் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

பனி இறங்கியதும், 'உள்ளே வைத்துச் சுடலாமே' என்று தோன்றும். கண்ணாடி அடைத்த வராண்டாவில்கூட வைக்காதீர்கள். கிரில் திறந்தவெளிக்கானது. மூடிய இடத்தில் அது வெளியிடும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே பறித்துவிடும். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

ட்யூப், ஓ-ரிங், மெக்கானிக் கூலி என்று கொஞ்சம் செலவாகத்தான் செய்யும். 'சும்மா வந்த கிரில்லுக்கு இவ்வளவா?' என்று நினைப்பவர்கள், அதைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று ஒருமுறை கடையில் விசாரித்துப் பாருங்கள். பிறகு தாராளமாக மீனை மசாலாவில் ஊறவையுங்கள்!