வளவும் விளைவும் – 9: தக்காளி கேட்பது நிலத்தை அல்ல

சென்ற வாரம் கறிவேப்பிலையையும் றம்பையையும் பார்த்தோம். அவை எந்த மூலையில் வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். இந்த வாரம் எடுத்துக்கொள்வது அப்படி எளிதில் வசப்படாத செடி. நம் கரையோர ஊர்களில் அதிகம் பேர் ஆசைப்பட்டு நட்டதும், அதிகம் பேர் சலித்துப்போய்ப் பிடுங்கி எறிந்ததும் தக்காளியைத்தான். மீனாணத்துக்கும் சம்பலுக்கும் தினமும் தேவைப்படுகிற பொருள், விலை ஏறும்போதெல்லாம் நெஞ்சைக் கிள்ளுகிற பொருள் என்பதால் இதைக் கைவிட எனக்கு மனமில்லை.

“எங்க வளவுல இடமில்ல” என்பதுதான் முதலில் கேட்கும் பதில். பொய்யில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவே 25 சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த கல்முனை மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழ்கிறோம். அந்த எல்லைக்குள்ளும் கணிசமான பகுதி வயல். வளவு ஒடுங்கியதற்கு நம் வழக்கமும் ஒரு காரணம். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மருமகன் அந்த வீட்டுக்கு வருவதும் கிழக்கு மாகாண முஸ்லிம்களின் நெடுநாள் முறை. அக்கரைப்பற்றை மையமாக வைத்து ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். உம்மாவின் வளவு மூத்த மகளுக்கும் இளையவளுக்குமாகப் பிரிந்து, முற்றம் இருந்த இடத்தில் இன்னொரு வீடு எழும்புகிறது. சுனாமிக்குப் பின் எழுந்த வீட்டுத்திட்டங்களில் மாடி வீடுகளுக்குப் போனவர்களுக்கு அந்த முற்றமும் இல்லை.

ஆனாலும் தக்காளி கேட்பது நிலத்தை அல்ல. ஆறு மணி நேர வெயில், உப்பில்லாத நீர், சரியான மாதம் ஆகிய மூன்றும் கிடைத்தால் ஓர் உரப்பையே அதற்கு வளவு.

ஆனியில் நட்டால் காய் இல்லை

2022 ஆம் ஆண்டு யாருக்கும் மறந்திருக்காது. முந்தைய ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தளர்த்தப்பட்டது. அதைத் தொடர்ந்து டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஜூனில்தான், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவு செய்தது.

நம் தெருக்களிலும் பலர் மண்வெட்டி எடுத்தார்கள். கல்முனைக்குடியில் ஒரு ராத்தா என்னைக் கூப்பிட்டுத் தன் செடிகளைக் காட்டினார். “தம்பி, கொப்புங் கொப்பாயும் நிக்கிது, பூவும் பூக்கிது. ஒரு காய் கூடப் புடிக்கிதில்லயே?” செடிகள் மதாளித்துத்தான் நின்றன. பூவைத் தொட்டுப் பார்த்தால் காம்பின் நடுக்கணு மஞ்சளித்திருந்தது. விரல் பட்டதும் அந்தக் கணுவோடு கழன்று விழுந்தது.

அவர் கையில் குறையில்லை, மாதத்தில்தான் குறை. தக்காளி தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பகுதியைச் சேர்ந்த செடி. பகலில் வெயிலும் இரவில் குளிரும் அதற்குப் பழக்கம். இரவு வெப்பம் 20 பாகை செல்சியஸை ஒட்டி இருந்தால் நன்றாகக் காய் பிடிக்கும். 24, 25 என்று ஏற ஏற மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். மே முதல் ஓகஸ்ட் வரை நம் ஊரில் கச்சான் அடிக்கும் காலம். பகல் அனல், இரவிலும் வெக்கை தணியாது. அப்போது நட்ட தக்காளி இலையாக வளருமே தவிரக் காயாக மாறாது. நம் கரையில் இரவு ஓரளவு குளிர்வது மாரியில், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. அப்போதும் 23 பாகை அளவில்தான் நிற்கும். நமக்குக் கிடைக்கிற குளிர் அவ்வளவுதான், செடி அந்த நாட்களில் பூக்க வேண்டும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஜனவரியில் பூக்க வேண்டுமென்றால் டிசம்பர் முற்பகுதியில் நாற்றைப் பையில் நட வேண்டும். அதற்கு நவம்பர் நடுவில் விதை போட வேண்டும். அடைமழைக் காலம் என்பதால் நாற்றுத் தட்டு கூரை ஓரத்தில் இருக்கட்டும். வெளிச்சம் படலாம், மழை அடிக்கக் கூடாது. நனைந்து கிடந்தால் நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். பெப்ரவரி கடைசியில் பழம் சிவக்கும். அண்மைய வருடங்களில் நோன்பும் அந்த நாட்களை ஒட்டியே வருகிறது. வீட்டில் தக்காளிச் செலவு கூடுகிற மாதத்தில் வீட்டுச் செடியே கை கொடுக்கும்.

தெற்கு பார்த்த சுவர்

டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஆகவே தெற்குப் பக்கம் திறந்த சுவரோரத்திலோ மேல்தட்டிலோ பைகளை வையுங்கள். வீட்டின் வடக்குப் புறம் அந்த மாதங்களில் பெரும்பாலும் நிழல்தான். மேல்தட்டென்றால் பையின் கீழே இரண்டு செங்கல் கொடுங்கள். கொங்கிறீட்டின் சூடு நேரே வேருக்கு ஏறாது, நீரும் வடியும். கறுப்புப் பையை விட வெள்ளை உரப்பை வேரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். ஒரு பைக்கு ஒரு செடி, 12 முதல் 15 லீற்றர் கலவை.

வளவு மணலை மட்டும் நம்ப வேண்டாம். அதில் நீரும் நிற்காது, உரமும் தங்காது. வேரில் முடிச்சுப் போடும் வட்டப்புழுவுக்கும் மணல்தான் பிடித்த இடம். நல்ல மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு. தும்புச்சோற்றிலும் உப்பு இருக்கலாம் என்பதால் இரண்டு தரம் நீரில் ஊறவிட்டுப் பிழிந்தெடுங்கள். கத்தரியோ மிளகாயோ வாடிச் செத்த இடத்து மண்ணைத் தொடவே வேண்டாம்.

அதற்குக் காரணம் பக்டீரியா வாடல். நேற்று நிமிர்ந்து நின்ற செடி இன்று பச்சை மாறாமலே துவண்டுவிடும். சந்தேகம் வந்தால் அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் கோப்பை நீரில் செங்குத்தாகப் பிடியுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெண்மையாக ஒழுகினால் அதே நோய்தான். அதற்கு மருந்தில்லை. பையோடு தூக்கி அப்புறப்படுத்த வேண்டும். பையில் வளர்ப்பதன் பெரிய இலாபமும் இதுதான். நோய் ஒரு பையோடு நிற்கும். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின, மகேஷி, ராஜித போன்ற இனங்களை வாங்கும்போது வாடலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

கிணற்று நீரின் உப்பு

நம் மணலுக்கு அடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்பைத் தள்ளி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மோட்டர் போட்டு அந்த ஓர் அடியை இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். 2004 டிசம்பர் 26 இல் கடல் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தவர்கள் சில இடங்களில் உப்பு கூடியதையே கண்டார்கள். கடைசியில் அதைக் கழுவிக் குறைத்தது மாரி மழைதான்.

மண்ணின் உப்புத்தன்மை மீற்றருக்கு 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால் தக்காளி விளைச்சல் விழத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். கருவி தேவையில்லை. பையின் ஓரத்தில் வெள்ளைப் பூப் படிந்தால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். வாரத்துக்கொரு முறை மழைநீரையோ குழாய் நீரையோ அடியால் ஒழுகும்வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள். ஆனால் பையின் கீழே தட்டு வைக்க வேண்டாம். மாரியில் தேங்கும் ஒரு கையளவு நீர் டெங்கு நுளம்புக்குப் போதும்.

பழத்தின் அடியில் கறுத்த தழும்பு விழுந்தால் பலர் முட்டை ஓட்டைப் புதைக்கிறார்கள். ஓடு கரைய மாதக்கணக்காகும். தழும்புக்குக் காரணம் சுண்ணச்சத்து பழத்துக்குப் போய்ச் சேராதது. அந்தச் சத்து நீரோடுதான் ஏறும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கினால் ஏறாது, உப்பு கூடினாலும் ஏறாது. தினமும் ஒரே அளவில் ஊற்றுவதுதான் வைத்தியம்.

பூக்கும் நாட்களில் இன்னொரு வேலை உண்டு. தக்காளிப் பூவின் நடுவே மஞ்சள் கூம்பொன்று இருக்கும், மகரந்தம் அதற்குள் அடைபட்டிருக்கும். அதிர்ந்தால்தான் உதிரும். வீடு நெருங்கிய இடத்தில் கருவண்டு வருவது அரிது. காலை ஒன்பது, பத்து மணிக்கு, பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். அணில் கொத்தியதைச் சதகாவாக எண்ணுங்கள். மீதி உங்களுக்கு.

இவ்வளவையும் பெண்களை நினைத்தே எழுதுகிறேன். நம் ஊரில் வீடு பெண்ணுடையது. ஆகவே அதன் சுவரோரமும் தட்டும் வெயிலும் அவளுடையவை. அடுத்த மகளுக்கு வளவைப் பிரிக்கும்போது பாதையையும் கிணற்றுப் பங்கையும் பேசி முடிவு செய்கிறோம். தெற்குப் பக்கத்தில் இரண்டு முழ வெயிலையும் அந்தப் பேச்சில் சேருங்கள். கொத்தனார் அத்திவாரக் கயிறு கட்டுமுன் சொன்னால் செலவில்லாமல் கிடைக்கும். கட்டி முடித்த பிறகு எந்த விலைக்கும் கிடைக்காது.

(அடுத்த வாரம்: மதிலில் ஏறும் பயற்றங்கொடி)