இறைச்சி மாடுகளும் கடல் கடந்த ஓங்கோல் இனமும்

மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கொண்ட மொழி நம்முடையது. ஆயினும் அச்செல்வத்தை நாம் பாலாலும் உழைப்பாலும் எருவாலும் அளந்து பழகியிருக்கிறோமேயன்றி, உடலின் எடையால் அளந்து பழகவில்லை. மேலை நாடுகளில் பாலுக்கென ஓரினமும் இறைச்சிக்கென வேறோர் இனமும் பிரித்து வளர்க்கும் முறை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றியுள்ளது. ஊன் உண்பதும் உண்ணாமையும் அவரவர் மரபையும் மனத்தையும் பொறுத்தவை. அவ்விவாதத்தில் நாம் புகவில்லை. அவ்வினங்கள் எவ்வாறு உருவாயின, அவற்றின் நடுவே நமது அண்டை நாட்டு மாடொன்று எவ்வாறு முதலிடம் பெற்றது என்பதையே ஈண்டுக் கூற விரும்புகிறோம்.

கறவை மாட்டைப் பக்கவாட்டில் நின்று நோக்கினால் முன்புறம் குறுகிப் பின்புறம் விரிந்து ஆப்புப் போலத் தோன்றும். இறைச்சி மாடோ பெட்டி போன்றது. முதுகு தட்டையாகவும், மார்பு ஆழமாகவும், தொடை தடித்தும் இருக்கும். அதனைப் பால் கறப்பதில்லை. பசு ஈன்ற பால் முழுவதும் கன்றுக்கே உரியது. ஆறு முதல் எட்டுத் திங்கள் வரை கன்று தாயோடு மேய்ந்து, பின்னர் பால் மறக்கடிக்கப்படுகிறது. அதன்பின் புல்வெளியில் சில காலம் வளர்கிறது. அமெரிக்காவில் இறுதி நான்கைந்து மாதங்கள் அதனைப் பட்டியில் அடைத்து மக்காச்சோளம் முதலிய தானியங்களை ஊட்டுகின்றனர். அங்கே ஒரு கிலோ எடை ஏறுவதற்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ வரை உலர்தீவனம் செலவாகிறது. ஆகவே, தின்பதைத் திறம்பட உடலாக்கும் மாடு எது என்பதே அவ்வளர்ப்பாளரின் முதற்கேள்வி. பருத்திக்கொட்டைக்கும் பிண்ணாக்குக்கும் விலை கொடுக்கும் நமது அன்பர்களுக்கு அக்கேள்வியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் பகுதியில் வாழ்ந்த ராபர்ட் பேக்வெல் (1725–1795) என்னும் உழவரே, வேண்டிய குணமுடைய கால்நடைகளைத் தேர்ந்து தமக்குள்ளேயே இணைசேர்த்து இனத்தை நிலைப்படுத்தும் முறைக்கு வழிகாட்டினார். அவர் வழியைப் பின்பற்றி வடகிழக்கு இங்கிலாந்தின் கோலிங் சகோதரர்கள் ஷார்ட்ஹார்ன் இனத்தைச் செப்பம் செய்தனர். ஹெரிபோர்டுஷயரில் செந்நிற உடலும் வெண்முகமும் கொண்ட ஹெரிபோர்டு தோன்றியது. மெலிந்த புல்லிலும் உடல் தேறும் இயல்பினது அது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கொம்பில்லாத கருநிற ஆங்கஸ் இனம் உருவாயிற்று. ஆங்கஸ் கன்று பிறக்கும்போது சிறிதாக இருப்பதால் தலையீற்றுக் கிடாரியும் இடரின்றி ஈனும். பிரான்சு நாட்டு வெண்ணிறச் சாரோலே உடலில் இவற்றினும் பெரிது; எனினும் கன்றும் பெரிதாதலால் ஈற்றுத் துன்பம் மிகுதி.

இவ்வினங்கள் நிலைத்தமைக்குக் காரணம் மண்ணும் புல்லும் மட்டும் அல்ல. ஏடும் எழுதுகோலும் ஆகும். ஷார்ட்ஹார்ன் இனத்திற்கு 1822-லும், ஹெரிபோர்டுக்கு 1846-லும், ஆங்கஸுக்கு 1862-லும் மரபுப் பதிவேடுகள் வெளிவந்தன. எந்தக் கன்றுக்கு எந்தத் தாய், எந்தத் தந்தை, அவற்றின் பெற்றோர் யாவர் என்பன அவற்றில் எழுதப்பட்டன. வளர்ப்போர் சங்கமாகக் கூடி, ஒருவர் பதிவை மற்றவர் நம்பும்படி செய்தனர். கூட்டுறவாளராகிய நமக்கு இது நன்கு விளங்கும். நூல் வாங்கும் நெசவாளர் எத்தனையாம் நம்பர் என்று கேளாமல் பாவு ஓட்டுவதில்லை. நாமோ சந்தையில் காளையின் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், சுழியைத் தேடுவோம், வாலின் நீளத்தையும் பார்ப்போம். அதன் தாயின் கணக்கை மட்டும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வார் அரியர்.

இனி வெப்ப நாடுகளின் கதைக்கு வருவோம். குளிர்நாட்டு இனங்களை அமெரிக்காவின் தென்பகுதிக்கும் பிரேசிலுக்கும் கொண்டு சென்றபோது அவை வாடின. கோடையில் மேயாமல் நிழலிலே நின்று இளைத்தன. ஹெரிபோர்டின் வெளிறிய கண்ணிமைகள் கடும் வெயிலில் புற்றுநோய்க்கு இடந்தந்தன. எல்லாவற்றினும் கொடிது உண்ணிக் காய்ச்சல். அந்நோயை உண்ணியே பரப்புகிறது என்பதைத் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் 1893-ல் ஐயத்திற்கிடமின்றி நிறுவினர். அந்நிலையில், திமிலும் தொங்கும் அலைதாடியும் குறுமயிரும் கொண்ட இந்திய மாடுகள் வெயிலில் மேய்வதையும் உண்ணியைத் தாங்குவதையும் அங்குள்ளோர் கண்டனர். கீர், காங்கிரேஜ், ஓங்கோல் முதலிய இனங்களின் கலப்பில் அமெரிக்காவில் பிராமன் என்னும் இனம் உருவாயிற்று; அதற்கென 1924-ல் வளர்ப்போர் சங்கமும் அமைந்தது. டெக்ஸாஸ் மாநிலத்துக் கிங் பண்ணையில் அவ்விந்திய இரத்தம் எட்டில் மூன்று பங்கும், ஷார்ட்ஹார்ன் இரத்தம் எட்டில் ஐந்து பங்கும் சேர்த்துச் சாந்தா கெர்த்ரூதிஸ் என்னும் புதிய இனத்தைப் படைத்தனர். 1940-ல் அது தனி இனமாக ஏற்கப்பட்டது.

பிரேசிலின் செய்தி இதனினும் வியப்பானது. 1878-ல் லெம்குரூபர் என்னும் பிரேசில் நாட்டவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் விலங்குக் காட்சிச்சாலையில் ஓங்கோல் மாடுகளைக் கண்டு, விரும்பி வாங்கித் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். அன்று ஓங்கோல் வட்டம் சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. அதனாலேயே அவ்வினம் அங்கே நெலோர் என்று பெயர் பெற்றது. குண்டலகம்மா, மூசி ஆகிய ஆறுகளின் இடைப்பட்ட கரிசல் நிலத்தில் ஏரும் வண்டியும் இழுத்த மாடு, வேறொரு கண்டத்தில் இறைச்சி மாடாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் மீண்டும் தேர்ந்த மாடுகள் சென்றன. அவற்றுள், ஓங்கோலை அடுத்த சிற்றூரின் பெயரைத் தாங்கிய கர்வாடி என்னும் பொலிகாளையின் வழித்தோன்றல்கள் இன்று அந்நாடெங்கும் உள்ளன. பிரேசிலில் மாடுகளின் தொகை 20 கோடிக்கு மேல். அவற்றுள் பெரும்பகுதியில் ஓடுவது நெலோர் இரத்தமே. உபேராபா நகரில் திமில் மாட்டு வளர்ப்போரின் சங்கம் மரபுப் பதிவேட்டைப் பேணி வருகிறது. 2023-ல் வியாத்தினா-19 என்னும் நெலோர்ப் பசுவின் மதிப்பு நாற்பது இலட்சம் டாலரைக் கடந்தது. கறிக்காக எவரும் அவ்விலை கொடார். கருமுட்டைக்கும் அதன் வம்சாவளிக்குமே அவ்விலை.

தாய்மண்ணில் நிலைமை என்ன? உழவு இயந்திரம் வந்தபின் உழவுக்காளைக்கு வேலை குறைந்தது. பாலுக்காக அயல்நாட்டுக் கலப்பு பெருகியது. தூய ஓங்கோல் மந்தைகள் சுருங்கின. குண்டூரை அடுத்த லாம் பண்ணை போன்ற சில இடங்களில் இனத்தைக் காக்கும் பணி நடைபெறுகிறது. நம் பக்கத்துக் காங்கேயத்தின் நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. அது இறைச்சி இனம் அன்று, உழைப்பு இனம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தேர்ந்த பொலிகாளைகளைக் கொண்டு தலைமுறைகளாக அதனைப் பேணியமை நாடறிந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஆர்வத்தை மட்டும் நம்பி ஓர் இனம் நெடுங்காலம் நிற்க இயலாது என்றே நாம் கருதுகிறோம்.

சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக் கன்று பிறந்த நாள், தாய், தந்தை, எடை ஆகிய நான்கையும் எழுதத் தொடங்கலாம். எடைக்குத் தராசு எங்கே என்று கேட்போர் உளர். தையற்காரர் நாடா ஒன்று போதும். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்குக. தோள்முனை முதல் புட்டத்தின் முனை வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 300-ஆல் வகுக்க. கிடைப்பது ஏறத்தாழ இராத்தல் கணக்கில் எடை. மார்பு 70 அங்குலமும் நீளம் 60 அங்குலமும் உள்ள காளை 980 இராத்தல், அதாவது 445 கிலோ அளவு இருக்கும். அளக்கும்போது மாடு நான்கு கால்களையும் சமமாக ஊன்றி நிற்க வேண்டும். தீனி தின்று நீர் குடித்த உடனே அளத்தல் கூடாது. காலையில், தண்ணீர் காட்டுமுன் அளப்பதே நன்று.