சுமை இழுக்கும் லாரிக்கு எந்த டர்போ?

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் வாலிகண்டபுரத்தைத் தாண்டிப் போகும் லாரிகளின் கதவில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். வெறும் மாடல் நம்பர் என்று விட்டுவிடாமல் அதைப் பிரித்துப் படித்தால் வண்டியின் ஜாதகமே கிடைத்துவிடும். முதல் இரண்டு இலக்கங்கள் சரக்கோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை, டன் கணக்கில். அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய குதிரைத்திறன். டாடா 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன். டிரெய்லர் இழுக்கும் 4018 என்றால் 40 டன், 180. இப்போது ஓடும் 5530 என்றால் 55 டன், 300.

வகுத்துப் பாருங்கள். 1613-க்கு ஒரு டன்னுக்கு 8 குதிரைத்திறன் கிடைக்கிறது. 4018-க்கு நாலரைதான். நாலு பேர் ஏறிய சின்னக் காரில்கூட இது 60-ஐ ஒட்டி இருக்கும். ஏற்றத்தில் லாரிக்காரர் பல்லைக் கடிப்பதில் நியாயம் இருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இழுவைக்குப் பஞ்சமே இல்லை. டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அரியலூரில் சிமெண்ட்டாகிப் பல்க்கர்களில் கிளம்புகிறது. குவாரி ஜல்லி டிப்பரில் போகிறது. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டரில் வருகிறது. மக்காச்சோள அறுவடை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 1751-இல் ஆங்கிலேயக் கம்பெனிப் படையும், பிரெஞ்சுக்காரர் துணையோடு வந்த சந்தா சாகிப் படையும் வாலிகண்டபுரத்தில் மோதிக்கொண்டன. அந்தக் காலத்தில் பீரங்கி இழுத்தவை மாடுகள். இப்போது இழுப்பது டீசல். புகார் மட்டும் அன்றைய வண்டிக்காரனும் சொல்லியிருக்கக் கூடியதுதான்: “ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது.”

அந்தப் புகாரோடு பட்டறைக்கு வருபவர் அடுத்துக் கேட்பது, “அண்ணே, பெரிய டர்போவா ஒண்ணு போட்டுடலாமா?” பெரும்பாலான வண்டிகளுக்கு வேண்டாம் என்பதே சரியான பதில். ஏன் என்று புரிய, டர்போ செய்யும் வேலை என்னவென்று பார்க்க வேண்டும்.

சக்தி தருவது டர்போ அல்ல, டீசல். டர்போ கொண்டுவருவது காற்றை மட்டும்தான். ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம் எடை. அது கணக்குப்படி எரிய அதைப்போல் பதினாலரை மடங்கு, அதாவது 12 கிலோ காற்று தேவை. டீசல் எஞ்சினுக்குள் காற்றும் எண்ணெயும் கலக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால் கருப்புப் புகை இல்லாமல் எரிய 20 மடங்காவது இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் 17 கிலோ காற்று என்றால் சுமார் 15 கன மீட்டர். ஒரு சின்ன அறையில் உள்ள காற்றில் பாதி ஒரு லிட்டர் டீசலுக்கே போய்விடும்.

டர்போ இல்லாத 6 லிட்டர் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 5 கன மீட்டர் அளவுக்குத்தான் இழுக்கும். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளினால் இது இரட்டிப்பை நெருங்கும். இந்த யோசனைக்கு 1905-இல் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி. காகிதத்திலிருந்து நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகளாயின. 1920-களில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் 2,500 ஆனது. நம் ஊரில் டர்போ எனர்ஜி என்ற நிறுவனம் 1982-இல் தொடங்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு டர்போக்களைத் தயாரித்து வருகிறது.

இனி அளவுக்கு வருவோம். அடுப்பு ஊதும் குழலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் குறுகிய குழலில் மெல்ல ஊதினாலே காற்று சீறும். அகன்ற குழலில் நெஞ்சு வலிக்க ஊத வேண்டும். புகை சுழற்றும் சக்கரமான டர்பைனின் பக்கத்து நத்தை ஓட்டு உறையிலும் இதே கதைதான். உறையின் மீது ஏ/ஆர் என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள். எண் சிறிதானால் வழி குறுகல். குறைந்த புகையிலேயே சக்கரம் வேகம் பிடிக்கும். ஆனால் உயர் சுற்றில் புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சினையே பின்னுக்கு அழுத்தும். எண் பெரிதானால் மேலே தாராளம், கீழே சோம்பல்.

பந்தயக் காருக்குப் பெரிய உறை சரி. அது எப்போதும் மேல் சுற்றில்தான் ஓடும். சுமை லாரி வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது 1,300-க்கும் 1,800-க்கும் இடைப்பட்ட சுற்றில். சிமெண்ட் ஏற்றி மேம்பாலம் ஏறும் டிரைவர் கியரைக் குறைத்து மிதிக்கும் அந்த நொடியில் காற்று வந்துவிட வேண்டும். பெரிய டர்போ போட்ட வண்டியில் காற்று வரும்போது பாலமே முடிந்திருக்கும். நடுவில் வருவதெல்லாம் புகை. காற்றை அமுக்கும் சக்கரமும் எஞ்சினுக்கு மீறிப் பெரிதானால், ஏற்றத்தில் குறைந்த சுற்றில் அமுக்கிய காற்று திரும்பி வந்து சக்கரத்தை அடிக்கும். படபடவென்று ஒரு சத்தம் கேட்கும். சிலர் அதை ரசிக்கிறார்கள். தண்டு உடைவதற்கு அதுதான் முன்னறிவிப்பு.

அளவை விட்டால் அடுத்தது வெப்பம். 40 டிகிரி வெயிலில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் அது சுமார் 130 டிகிரி சூட்டில் வெளியே வரும். சூடான காற்று விரிந்துவிடுவதால் அமுக்கியதில் பாதிப் பயன் போச்சு. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் இன்டர்கூலர் அதை 65 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அதே அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று உள்ளே போகும். சாலைப் புழுதியும் பூச்சியும் அடைத்துக் கிடக்கும் இன்டர்கூலரைக் கழுவுவது, பல வண்டிகளில் புது டர்போ தரும் பலனைத் தந்துவிடும்.

பம்ப் மெக்கானிக்கிடம் சொல்லி டீசலை ஏற்றிவிடும் பழக்கமும் உண்டு. காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் புகையின் சூடு ஏறும். டர்பைனுக்கு முன்னால் சுமார் 700 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் ஓட்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். பிஸ்டன் அலுமினியக் கலவை. வெப்பம் நொடிப்பொழுதே தாக்குவதாலும், அடியில் ஆயில் பட்டுக் குளிர்வதாலும்தான் அது பிழைத்துக் கிடக்கிறது. டர்போவில் கை வைக்கும் எவரும் முதலில் புகைச் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்த வேண்டும். அது இல்லாமல் சக்தி கூட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது.

சரி, எல்லாம் பொருத்தமாகவே அமைந்து 180 குதிரைத்திறன் 230 ஆகிவிட்டது என்று வையுங்கள். 30 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் பாலச் சரிவில் 40 டன் வண்டி 180-இல் நிலையாக ஏறும் வேகம் மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர். 230-இல் சுமார் 32. சரிவின் நீளம் 600 மீட்டர் என்றால் மிச்சம் 20 வினாடிகூட இல்லை. சமதரையான பெரம்பலூர்ச் சாலையில் ஒரு நடைக்கு இப்படி எத்தனை பாலம் வரும் என்று ஓனரே எண்ணிக்கொள்ளலாம். தினமும் தொப்பூர் கணவாய் ஏறும் வண்டிக்கு இந்த 7 கிலோமீட்டர் காசு. ஆனால் அங்கே வண்டிகள் கவிழ்வது இறக்கத்தில், பிரேக் பிடிக்காமல். ஏறும் வேகத்தைக் கூட்டுகிறவர் பிரேக் லைனிங்கையும் எஞ்சின் பிரேக்கையும் பார்த்தே ஆக வேண்டும்.

இழுவை குறைந்துவிட்டது என்று வரும் வண்டியில் முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர் மேல்தான் விழ வேண்டும். சிமெண்ட்டும் சுண்ணாம்புத் தூளும் பறக்கும் இந்தச் சாலைகளில் அது கையேட்டில் போட்ட கிலோமீட்டர் வரை தாங்காது. பஞ்சர் கடைக் காற்றால் ஊதி மறுபடி மாட்டும் வழக்கம் இன்னும் மோசம். தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். அந்த வழியாகப் போகும் தூள், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுச் சுற்றும் சக்கரத்தின் இதழ் நுனியை அரித்துக் கத்திபோல் ஆக்கிவிடும். அடுத்து ஹோஸ். இன்டர்கூலர் ஹோஸில் சிறு வெடிப்பு இருந்தாலும் விசில் சத்தமும் புகையும் வரும். சோப்பு நுரையைத் தடவிக் குறைந்த அழுத்தத்தில் காற்று விட்டுப் பார்த்தால் நுரை காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு டர்போவின் முன் ஹோஸைக் கழற்றி, சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டியதில்லை. தண்டு ஆயில் படலத்தில் மிதப்பதற்காக விட்ட இடைவெளி அது. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இதழ் உறையைத் தொட்ட கீறல் தெரிந்தாலோ வேலை முடிந்தது. அப்போது வாங்க வேண்டியது அதே எஞ்சினுக்குக் கம்பெனி குறித்த அதே பார்ட் நம்பர். ஓரளவு உழைத்த பழைய பம்ப் வண்டிக்கு என் தேர்வு அதுதான்.

டர்போவே இல்லாமல் வந்த டிராக்டரில் கரும்பு இழுப்பதற்காக டர்போ மாட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அத்தகைய எஞ்சின் பலவற்றில் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஏற்பாடு இருக்காது. முதல் சீசனிலேயே ஹெட் கேஸ்கெட் போகலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியில் தொடவே கூடாது. காற்றின் அளவு, டீசல், புகை வடிகட்டி, யூரியாக் கரைசல் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் கோத்திருக்கின்றன. சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019 திருத்தம் இடம் தருகிறது.

கடைசியாக டிரைவர்களுக்கு ஒன்று. முழுச் சுமையோடு வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பாதீர்கள். கொதிக்கும் டர்பைன் பக்கத்தில் ஆயில் ஓட்டம் நின்றால், தங்கிய ஆயில் கரியாகித் தண்டைப் பிடிக்கும். இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அப்புறம் அணையுங்கள். செலவில்லாத பராமரிப்பு இது ஒன்றுதான்.