மூன்று வட்டங்களும் ஒரு கரையும்

பூமிக்கடியில் பாறை முறிந்த இடத்தைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். ஆயினும், கடல் பல கடந்த நாட்டில் ஓர் அறைக்குள் இருப்பவர், இன்ன இடத்தில் இன்ன வேளையில் முறிந்தது என்று சொல்லிவிடுகிறார். இவ்வித்தை எவ்வாறு கைகூடிற்று என்றறியும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆராய்ந்து பார்த்தால், பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கக்கூடிய கணக்கே அதன் அடிப்படை.

நல்லூர்த் தேருக்கு ஒரே ஊரிலிருந்து ஒரே வேளையில் இருவர் புறப்படுகின்றனர். ஒருவர் சைக்கிளில் வருகிறார். மற்றவர் மாட்டுவண்டியில் வருகிறார். இருவரது வேகமும் தெரியுமானால், வண்டி எவ்வளவு பிந்திற்று என்பதைக் கொண்டே அவ்வூரின் தூரத்தைச் சொல்லிவிடலாமன்றோ? பூமியதிர்ச்சியும் இவ்வாறே இருவகை அலைகளை அனுப்புகிறது. மேலோட்டுப் பாறையில் முதலலை செக்கனுக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றரும், இரண்டாமலை ஏறக்குறைய 3.5 கிலோமீற்றரும் செல்லும். இரண்டின் வருகைக்குமிடையே 25 செக்கன் கழிந்தால், அதிர்ச்சி பிறந்த இடம் சுமார் 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது என்பது பொருள்.

தூரம் தெரிந்தது; திசை? ஒரு நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரையலாம், அவ்வளவே. மூன்று நிலையங்களைச் சுற்றி மூன்று வட்டங்கள் வரைந்தால், அவை மூன்றும் கூடுமிடம் ஒன்றே. நெடுந்தூரம் செல்லும் அலைகள் பூமியின் ஆழத்தே வளைந்து வருவதால், அவற்றுக்கு இவ்வெளிய கணக்குப் போதாது. அதன் பொருட்டு ஜெப்ரீஸ், புல்லன் என்னும் அறிஞர் இருவர் 1940 இல் நேர அட்டவணைகளை வெளியிட்டனர். இன்று கணினி பல நிலையங்களின் நேரங்களை ஒப்புநோக்கி, ஆழத்தையும் சேர்த்துக் கணித்துவிடுகிறது.

இத்தகைய கணிதம் நமக்கு எவ்வளவு நெருங்கியது என்பதை 2004 டிசம்பர் 26 உணர்த்திற்று. அன்று இலங்கை நேரம் காலை 6.58 மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே கடலடி முறிந்தது. சில நிமிஷங்களில் அதன் அதிர்வுகள் கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலைக் கருவியிலும் பதிந்தன. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் அதிர்ச்சியின் பருமையைக் குறைத்து மதித்ததாயினும், இடத்தைக் கணித்து ஏறக்குறைய 15 நிமிஷத்தில் அறிக்கை விடுத்தது. அவ்வறிக்கை பசிபிக் நாடுகளுக்கானது. கடலலை நம் கீழ்க்கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் சென்றது. அந்நேரமெல்லாம் கரையிலிருந்தோருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அதன் பின்னரே இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஏற்பாடு அமைக்கப்பட்டது. அந்த இரண்டு மணித்தியாலத்தை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் கனக்கிறது. வட்டங்கள் கூடுமிடத்தைக் காணக் கருவியும் கணிதமும் உதவும். கண்டதை மீனவர் வாடிவரை கொண்டு சேர்ப்பது மனிதரின் கடமை.