இது எந்த யானை?

சென்ற போகத்தில், அறுவடைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, மாமாவோடு வட்டை வாடியில் ஓர் இரவு காவலிருந்தேன். அம்பாறை மாவட்டத்தில் வேளாண்மை செய்பவர்களுக்கு இந்தக் காவலைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. டோர்ச், யானை வெடி, பிளாஸ்க்கில் பிளேன்ரீ, தூங்காத கண். நேரம் போக்குவதற்காகக் கைத்தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைத் திறந்து, 'நீ ஒரு காட்டு யானை, வயல்காரர் ஒருவரோடு தமிழில் பேசு' என்று எழுதினேன். உடனே பேசத் தொடங்கிவிட்டது. காடு சுருங்கிவிட்டது, மூதாதையர் நடந்த வழியில் வேலி நிற்கிறது, நான் உங்கள் எதிரியல்ல என்றெல்லாம் அழகான தமிழில் சொன்னது. மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "இது எந்த யானை மனே? வாலறுந்த தனியனா, குட்டியோட வாற கிழவியா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு எந்தப் பக்கத்தால வருமெண்டு கேட்டுப் பாரு." கேட்டேன். தண்ணீரும் உணவும் இருக்கும் திசையை நோக்கி யானைகள் நகரும் என்று பதில் வந்தது. "அது எனக்கும் தெரியும்" என்றார் மாமா.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இயற்கைக்குக் குரல் கொடுக்கிறோம் என்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இன்று உலகில் பல முயற்சிகள் நடக்கின்றன. அவற்றுள் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புகிறோம்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியல் நூதனசாலை. அங்கே 2024 ஒக்டோபரில் ஒரு மாதகாலப் பரீட்சார்த்தம் நடத்தினார்கள். டோடோ பறவையின் எச்சம், துடுப்புத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, சிவப்புப் பண்டா, கரப்பான் பூச்சி என 13 காட்சிப் பொருட்கள் தெரிவுசெய்யப்பட்டன. பார்வையாளர் தம் தொலைபேசியால் அங்குள்ள குறியீட்டை ஸ்கேன் செய்துவிட்டு அந்த உயிரினத்தோடு 'பேசலாம்'. 20க்கு மேற்பட்ட மொழிகளில், சிறுவருக்கு ஒரு விதமாகவும் பெரியவருக்கு வேறு விதமாகவும் அது பதில் சொல்லும். கரப்பான் பூச்சியை நின்று பார்க்காதவரும் அதனோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். நோக்கம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் உள்ளே நடப்பது என்ன? மனிதர் எழுதிய கோடானுகோடி வாக்கியங்களைக் கற்று, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கும் மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது. அதனிடம் அந்த உயிரினம் பற்றிய தகவல்களைக் கொடுத்து, 'இனி நீதான் டோடோ' என்று சொல்கிறார்கள். மொரீசியஸ் தீவில் 17ஆம் நூற்றாண்டில் அழிந்துபோன பறவையின் குரல் எங்கும் பதிவாகவில்லை. அங்கே பேசுவது டோடோவைப் பற்றி மனிதன் எழுதியவை. வாடியில் என்னோடு பேசிய யானையும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் செத்ததாக 2022இல் செய்திகள் வந்தன. என் செயலி யானை அதைப் பற்றி மூச்சே விடவில்லை. நான் கேட்கவில்லை, அது சொல்லவில்லை. கேட்டபிறகு மிகவும் வருந்தியது!

இதைப் பார்த்தபோது இக்வானுஸ் ஸபாவினரின் நினைவு வந்தது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இந்த அறிஞர் குழாம் எழுதிய றிஸாலாக்களுள் 22ஆவது, மிருகங்கள் மனிதன் மீது தொடுத்த வழக்கு. கப்பலிலிருந்து ஒரு தீவில் ஒதுங்கிய மனிதர் அங்குள்ள மிருகங்களைப் பிடித்துச் சுமை ஏற்றத் தொடங்க, மிருகங்கள் ஜின்களின் அரசனிடம் முறையிடுகின்றன. மிருகங்கள் தமக்காகவே படைக்கப்பட்டன என்று மனிதர் குர்ஆன் வசனங்களைக் காட்டுகிறார்கள். கோவேறு கழுதை எழுந்து, அவை இறைவனின் அருட்கொடையை நினைவூட்டும் வசனங்களேயன்றி உங்களுக்கு எழுதித் தந்த உறுதியல்ல என்கிறது. சூரியனும் சந்திரனும் காற்றும்கூட வசப்படுத்தப்பட்டவைதான், அவையும் உங்கள் அடிமைகளா என்று கேட்கிறது. தேனீயும் கிளியும் தவளையும் தத்தம் இனத்துக்காக வாதாடுகின்றன. மனிதனின் அறிவு, கைத்தொழில், ஆட்சி எல்லாம் ஒவ்வொன்றாக விசாரணையில் உதிர்கின்றன. கடைசியில் மறுமை வாக்குறுதி ஒன்றுதான் அவனுக்குத் துணைநிற்கிறது. 1316இல் ஹீப்ரு மொழிக்குப் போன நூல் இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா போர்ட் வில்லியம் கல்லூரி வழியே உருதுவுக்கும் வந்தது. தமிழில் முழுமையாக வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அது நிற்க.

அங்கும் மிருகம் பேசவில்லை, மனிதன்தான் எழுதினான். ஆனால் வாசிப்பவருக்கு அது தெரியும். அந்தக் கழுதை மனிதனை நெளியவைக்கிறது. கேட்பவர் மனம் நோகாதபடி பேசப் பழக்கப்பட்ட செயலி அதைச் செய்யுமா என்பதே என் சந்தேகம்.

இரண்டாவது வகை முற்றிலும் வேறு. அங்கே இயந்திரம் விலங்குக்காகப் பேசுவதில்லை, விலங்கைக் கேட்கிறது.

1984இல் கேட்டி பெய்ன் எனும் ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லாந்து மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காற்றில் ஓர் அதிர்வை உடம்பில் உணர்ந்தார். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கருவிகொண்டு பதிவுசெய்தபோதுதான் மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்வது தெரியவந்தது. நாற்பது வருடம் கழித்து, 2024 ஜூனில், கென்யாவின் சம்புரு, அம்போசெலி பகுதிகளில் பதிவான 469 அழைப்பொலிகளை ஆராய்ந்த மைக்கல் பார்டோ குழுவினர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒலியின் அளவீடுகளைக் கற்ற கணினி மாதிரி, ஓர் அழைப்பு எந்த யானையை நோக்கியது என்பதை 27.5 சதவீதம் சரியாகச் சொன்னது. குருட்டாம்போக்கில் சொன்னால் 8 சதவீதம்தான் வரும். தமக்குரிய அழைப்பை ஒலிபெருக்கியில் கேட்ட யானைகள், பிறருக்குரியதைக் கேட்டபோதைவிட விரைவாக ஒலியை நோக்கி நெருங்கின. பெயர் போன்ற ஒன்று அவற்றிடம் இருக்கிறது. 27.5 என்பது பெரிய எண்ணல்ல. அந்தப் பெயரைத் தனியே பிரித்தெடுக்கவும் அவர்களால் முடியவில்லை. ஆனாலும் மாமாவின் கேள்வியை இந்த ஆய்வுதான் கேட்கிறது: எந்த யானை?

சூறா அந்நம்லில் வரும் எறும்பை நாம் எல்லோரும் அறிவோம். அதை மீண்டும் ஓதியபோது ஒன்று உறைத்தது. அந்த எறும்பு சுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்களிடம் பேசவில்லை. சக எறும்புகளிடம் பேசியது. படை வருகிறது, அறியாமலேயே மிதித்துவிடுவார்கள், உள்ளே போங்கள் என்றது. நபியவர்கள் அதைக் கேட்டார்கள், புன்னகைத்தார்கள், இறைவனுக்கு நன்றி செலுத்த அருள் வேண்டி துஆச் செய்தார்கள். எறும்பின் பேச்சில் நமக்கான உபதேசம் எதுவும் இல்லை. அதன் உயிர்க் கவலைதான் இருந்தது.

கேட்கும் இயந்திரத்தால் என்ன பயன் என்றால், ஒரு நடைமுறை உதாரணம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. கோயம்புத்தூர் அருகே மதுக்கரையில் புகையிரதப் பாதையோரம் கோபுரங்களில் வெப்பப்படக் கமராக்கள் பொருத்தி, யானை பாதையை நெருங்குவதைச் செயற்கை நுண்ணறிவு கண்டு எச்சரிக்கும் ஏற்பாடு 2024இல் தொடங்கியது. அந்த இயந்திரம் யானைபோல் ஒரு வார்த்தை பேசாது. 'வருகுது' என்று மட்டும் சொல்லும். 2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஹபரணைப் பகுதியில் புகையிரதம் மோதி ஆறு யானைகள் ஒரேயடியாக மாண்டபோது அந்த ஒரு சொல்தான் தேவைப்பட்டது.

அப்படியானால் இயற்கையின் சார்பில் எவருமே பேசக்கூடாதா? பேசலாம், ஆனால் பேசுபவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். நியூசிலாந்தின் வங்கனூயி ஆற்றுக்கு 2017இல் சட்டம் ஆள்தன்மை கொடுத்தது. அந்த ஆற்றின் முகமாக இருவர் இருக்கிறார்கள்; ஒருவரை அரசு நியமிக்கிறது, மற்றவரை ஆற்றோடு வாழும் மஓரி மக்கள். அவர்கள் பிழையாகப் பேசினால் போய்க் கேட்கலாம். செயலி யானையிடம் யார் போய்க் கேட்பது?

மாமாவைத்தான் கேட்கலாம். மூன்று போகம் அவருடைய வேளாண்மையை யானை தின்றிருக்கிறது. ஆனாலும் கிழவி நொண்டத் தொடங்கியதை முதலில் கண்டவர் அவர்தான். மின்வேலி எங்கே அறுந்திருக்கிறது, குட்டிக்கு என்ன வயதிருக்கும், எந்த இரவில் குப்பைமேட்டுப் பக்கம் போகும் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தக் கூட்டத்திலும் அவரை யாரும் பேச அழைத்ததில்லை. யானைக்குக் குரல் தேடுகின்றவர்கள் முதலில் இந்த வாடிகளில் ஒலிவாங்கியை வைக்கட்டும்.

அன்றிரவு மூன்று மணியளவில் வாய்க்கால் ஓரம் ஏதோ அசைந்தது. மாமா வெடியைக் கையில் எடுத்தார், கொளுத்தவில்லை. நான் தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்தினேன். பத்து நிமிடம் போல அங்கேயே நின்றுவிட்டு அவை காட்டுப் பக்கம் திரும்பிவிட்டன. விடிந்ததும் பதிவைப் போட்டுக் கேட்டேன். தவளைச் சத்தமும் காற்றும் மாமாவின் இருமலும்தான். தாழ்ந்த ஒலியைப் பிடிக்க என் தொலைபேசியால் முடியாது.

"ஒண்டுமில்ல மாமா" என்றேன்.

"அதுகள் பேசிக்கிட்டுத்தான் நிண்டதுகள்" என்றார். "நெஞ்சுக்குள்ள ஒரு கணகணப்பு இருந்திச்சே, உனக்கு விளங்கல்லயா?"